கையில் தெரிவது நரம்பா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் கேள்வி ஒன்றுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது செவிலியர், "நரம்பு சரியாகத் தெரியவில்லை, விரல்களை இறுக மடக்குங்கள்" என்றார். "நரம்பு மூளைக்குச் செய்தி கொண்டுபோவதுதானே? அதிலிருந்து எப்படி ரத்தம் எடுப்பார்கள்?" என்று அவள் கேட்டாள். எனக்கே இன்னும் இரண்டு சந்தேகங்கள் உண்டு. சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை முதலில் விலகிவிடுகிறது, வலி பிறகுதான் தெரிகிறது. வலிக்கும் முன்பே கைக்கு எப்படித் தெரிந்தது? கால் மரத்துப்போவது ரத்த ஓட்டம் நின்றுவிடுவதாலா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகள் பாடத்தில் படித்ததையும் காதில் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். பெரும்பாலோர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவளுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

செவிலியர் தேடியது சிரையை. புறங்கையில் பச்சையாகவோ நீலமாகவோ புடைத்துத் தெரிபவை எல்லாம் சிரைகள்தான். ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்கள். விரல்களை இறுக்கி மணிக்கட்டை மடக்கினால் கயிறு போலத் துருத்துகிறதே, அது தசைநாண்; தசையை எலும்போடு கட்டிவைப்பது. பேச்சுவழக்கில் இவை எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுகிறோம். யாழின் தந்திக்கும் இலையில் ஓடும் கோடுகளுக்கும்கூட அதே சொல்தான். கிரேக்கர்களும் இப்படித்தான் குழம்பினார்கள். இன்று நரம்பு செல்லுக்குப் பெயராகிவிட்ட 'நியூரான்' அவர்கள் மொழியில் முதலில் தசைநாணைக் குறித்த சொல். நரம்பு வேறு, நாண் வேறு என்று உடலை அறுத்துப் பார்த்துப் பிரித்தறிந்தவர்களில் முக்கியமானவர், ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த ஹீரோஃபிலஸ்.

நரம்பு உண்மையில் எப்படி இருக்கும்? வெண்மையான, மெல்லிய இழைகளின் கட்டு. ரத்தம் ஓடுவதற்கான குழல் அதன் நடுவில் கிடையாது. பெரும்பாலான நரம்புகள் தசைகளுக்கிடையே ஆழத்தில் ஓடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஒன்றைத் தொட்டுப் பார்க்கலாம். முழங்கையை மடக்கி, அதன் கூர்மையான நுனிக்கும் உட்பக்கத்து எலும்பு மேட்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் விரலை மெதுவாக வைத்து உருட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு நகரும் தடித்த நூல் ஒன்று தட்டுப்படும். அதுதான் அல்நார் நரம்பு. அங்கே அடிபட்டால் 'சுரீர்' என்று மின்சாரம் பாய்ந்ததுபோல இருக்கும். எங்கே இருக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? சுண்டுவிரலிலும் மோதிரவிரலின் பாதியிலும். இடி விழுந்தது முழங்கையில், துடிப்பது விரல். அந்த இழைகள் புறப்பட்டு வருவது விரலிலிருந்து. வழியில் யார் தட்டினாலும், செய்தி விரலிலிருந்து வந்ததாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. நரம்பு மண்டலத்தைப் பற்றி எனக்கு முதலில் பிடிபட்டது இந்த ஒன்றுதான்; மற்றதெல்லாம் இதைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

இந்த இழைகள் எல்லாம் போய்ச் சேரும் இடம் மூளையும் தண்டுவடமும். மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ, அதில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. தண்டுவடம் முதுகெலும்பின் நீளம் முழுக்க ஓடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது 45 சென்டிமீட்டர் அளவுதான், இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் மட்டும் குதிரைவால் போலத் தொங்குகின்றன. முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கும் மருத்துவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது தண்டுவடத்தின் மேல் ஊசி படக்கூடாது என்பதால்தான். மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணைகளும் கிளம்புகின்றன. முதுகின் அடிப்பகுதியிலிருந்து கால்விரலுக்குப் போகும் இழை ஒரே ஒரு செல்லின் நீட்சி. அந்த ஒற்றைச் செல்லின் நீளம் ஒரு மீட்டர்.

பாத்திரத்துக்கு வருகிறேன். சூட்டின் செய்தி விரலிலிருந்து தண்டுவடத்துக்குள் பின்வாசல் வழியாக நுழைகிறது. அங்கேயே ஒரு சிறு இடைநிலை நியூரான் அதை வாங்கி, முன்வாசல் வழியாகக் கையின் தசைக்கு உத்தரவாக அனுப்பிவிடுகிறது. கை விலகிவிட்டது. இதைத்தான் பாடத்தில் அனிச்சைச் செயல் என்கிறார்கள். அதே செய்தியின் இன்னொரு நகல் மேலேறி மூளைக்குப் போகிறது. அது போய்ச் சேர்ந்து பொருள் கொண்டபிறகுதான் உங்களுக்கு வலிக்கிறது.

இதில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. அடுத்த முறை சுட்டுக்கொண்டால் கவனியுங்கள், வலி இரண்டு தடவை வரும். முதலில் ஊசி குத்தியதுபோல் கூர்மையாக. சிறிது நேரம் கழித்து எரிச்சலாக, மந்தமாக, விடாமல். முதல் வலியைக் கொண்டுவரும் இழைகளுக்கு மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. உறையின் இடைவெளிகளில் தாவித் தாவிச் செல்வதால் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். இரண்டாம் வலியின் இழைகளுக்கு அந்த உறை இல்லை. வேகம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், நாம் நடக்கும் வேகம். நரம்பின் வேகத்தை ஒருபோதும் அளக்க முடியாது என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்தே காட்டினார்.

இன்னொன்று: அனிச்சைச் செயலின் மீதும் மூளைக்குப் பிடி உண்டு. கொதிக்கும் குழம்புச் சட்டியோடு நிற்கும்போது, பக்கத்தில் குழந்தை இருந்தால், கை சுட்டாலும் கீழே வைக்கும்வரை விடமாட்டீர்கள். தண்டுவடத்தின் உத்தரவை மேலிருந்து நிறுத்திவைக்கிறது மூளை.

கால் மரத்துப்போவதற்கு நீங்கள் சொன்ன காரணம் பாதி சரி. முதன்மையாக நசுங்குவது நரம்பு. அதற்கு ரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் கூடவே நசுங்குவதால் இழைகள் செய்தி அனுப்பும் திறனைச் சற்று நேரம் இழக்கின்றன. எழுந்ததும் அவை ஒழுங்கில்லாமல், தாறுமாறாகச் செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. அந்தக் குழப்பத்தைத்தான் எறும்பு ஊர்வதாகவும் ஊசி குத்துவதாகவும் உணர்கிறோம். அழுத்தம் ஏதுமில்லாமல் மரப்பு நீடித்தால் மட்டும் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

நரம்பு அறுந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது நடந்தது. உடைந்த கண்ணாடி டம்ளர் என் ஆள்காட்டி விரலின் அடியில் ஆழமாக வெட்டி, ஒரு பக்கத்து நரம்பை அறுத்துவிட்டது. உருப்பெருக்கியின் கீழ் வைத்துத் தைத்தார்கள். வெட்டுக்கு அப்பால் இருந்த இழைகள் அழிந்துவிடும், அவற்றைச் சுற்றியிருந்த வெளியுறை மட்டும் காலிக் குழாயாக நிற்கும், புதிய இழை அதற்குள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து வரும் என்றார் மருத்துவர். மூளையிலும் தண்டுவடத்திலும் இப்படி வளர்ச்சி நடப்பதில்லை; தண்டுவடத்தில் பட்ட காயத்தின் பாதிப்பு பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நீடிப்பது அதனால்தான். சில வாரங்கள் கழித்து அவர் என் விரலை அடியிலிருந்து நுனிநோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சுரீரென்றது. இழை இதுவரை வந்திருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டார். அடுத்த மாதம் பார்த்தபோது கோடு ஒரு கட்டைவிரல் அகலத்துக்கும் மேலாக முன்னேறியிருந்தது. நுனிக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தின் விளிம்பைத் தடவினால், அது வழவழப்பானதா, வரிவரியானதா என்று அந்த விரலால் இன்றும் சொல்ல முடிவதில்லை. பக்கத்து விரல் உடனே சொல்லிவிடுகிறது.