வலது பக்கம் காலி
வாசகர் கேள்விகளும் ஒரு கூடைப்பந்துக் கிறுக்கனின் பதில்களும்

கேள்வி: பிப்ரவரி பிறந்தால் போதும், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் வீரர் பரிமாற்ற வதந்திகள் குவிகின்றன. எதை நம்பலாம், எதைத் தள்ளலாம் என்று ஒரு வழி சொல்லுங்களேன்.
(இரவுப் பணி பார்க்கும் செவிலியர்)

பதில்: என்னிடம் கோடு போட்ட குறிப்பேடு ஒன்று இருக்கிறது. இடது பக்கத்தில் வதந்தியைத் தேதியோடு எழுதுவேன். வலது பக்கத்தில், நடந்ததை எழுதுவேன். பல ஆண்டுப் பழக்கம். இடது பக்கங்களில் இடம் போதாமல் ஓரங்களில்கூடக் கிறுக்கியிருக்கிறேன். வலது பக்கங்களோ நேற்றுதான் வாங்கியவை போல வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன.

முதலில் கணக்கைப் பாருங்கள். லீக் வகுத்த சம்பள உச்சவரம்பைத் தாண்டிவிட்ட அணி ஒரு வீரரை வாங்க வேண்டுமானால், ஏறத்தாழ அதே அளவு சம்பளத்தை வெளியே அனுப்பியாக வேண்டும். லீகும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு இன்னொரு கட்டும் வந்திருக்கிறது. 'இரண்டாம் ஏப்ரன்' என்கிற மேல்கோட்டையும் தாண்டிய அணி, இரண்டு மூன்று வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து ஒரு பெரிய நட்சத்திரத்தை வாங்க முடியாது. 2025 தொடக்கத்தில் மயாமியின் நட்சத்திரம் ஜிம்மி பட்லர் ஃபீனிக்ஸுக்குப் போகிறார் என்று எத்தனை செய்திகள்! ஃபீனிக்ஸ் அந்த மேல்கோட்டுக்கு மேலே இருந்த அணி. பட்லருக்கு ஈடாகக் கொடுக்கக்கூடிய பெரிய சம்பளம் பிராட்லி பீலுடையது. பீலின் ஒப்பந்தத்திலோ, அவர் சம்மதிக்காமல் அவரை எங்கும் அனுப்ப முடியாது என்ற பிரிவு இருந்தது. பூட்டும் அவரே, சாவியும் அவர் கையில். பட்லர் கடைசியில் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். கணக்குத் தெரிந்தவர்கள் அந்த மாதம் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

கணக்கு ஒத்துவந்தால், அடுத்து இந்தச் செய்தியால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். "மூன்று அணிகள் போட்டி போடுகின்றன" என்பது பெரும்பாலும் விற்பவரின் குரல். "அவருக்கு அங்கே மனம் ஒட்டவில்லை" என்பது முகவரின் குரல். "நிலைமையைக் கூர்ந்து கவனித்துவருகிறார்கள்" என்பது யாருடைய குரலும் அல்ல. நானும்தான் ஜன்னல் வழியாக மழையைக் கூர்ந்து கவனித்துவருகிறேன்.

கேள்வி: வதந்தி கசியாமல் காரியம் முடிப்பதுதானே திறமையான நிர்வாகம்? அப்படிப் பார்த்தால் லூகா டோன்சிச்சை டாலஸ் விற்றது சாதனை அல்லவா?
(சட்டக் கல்லூரி மாணவர்)

பதில்: வாதாடப் பழகுகிறீர்கள் என்று தெரிகிறது. ரகசியம் காத்ததை மட்டும் பார்த்தால் சாதனைதான். 2025 பிப்ரவரி முதல் வார இறுதியில், நள்ளிரவு நேரத்தில் செய்தியாளர் ஷாம்ஸ் சரானியா அந்தச் செய்தியை வெளியிட்டபோது, அவருடைய கணக்கை யாரோ களவாடிவிட்டார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. என் குறிப்பேட்டில் வலது பக்கம் நிரம்பி, இடது பக்கம் காலியாக இருக்கும் பெரிய பரிமாற்றம் அது ஒன்றுதான்.

ஆனால் கையில் என்ன வந்தது? டோன்சிச்சுக்கு அப்போது வயது 25. எட்டு மாதம் முன்புதான் அணியை இறுதித் தொடருக்குக் கொண்டுபோயிருந்தார். அப்படிப்பட்டவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, டாலஸ் பெற்றது 31 வயது ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞர், லேக்கர்ஸின் 2029 முதல் சுற்றுத் தேர்வுரிமை (புதிய இளம் வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசையாக எடுக்கும் தேர்வில் ஓர் இடம்) ஒன்று. ஒன்றே ஒன்று. தற்காப்புதான் கோப்பை வெல்லும் என்று பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன் விளக்கினார். ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 34.5 கோடி டாலர் என்ற அடுத்த ஒப்பந்தம் அவர்களை அச்சுறுத்தியிருக்கலாம். இரண்டு காரணங்களையும் நான் ஏளனம் செய்யமாட்டேன். நட்சத்திரத்தை விற்கவே கூடாது என்று சட்டம் இல்லை.

பிழை வேறிடத்தில். வீடு விற்பவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் ரகசியமாகப் பேசி முடித்தால் எந்த விலை கிடைக்கும்? லேக்கர்ஸின் பொது மேலாளர் ராப் பெலிங்காவும் ஹாரிசனும் பழைய நண்பர்கள். கோபி பிரையன்ட்டுக்கு முகவராக ஒருவர், காலணி நிறுவனத்தின் பிரதிநிதியாக மற்றவர் என்று பழகியவர்கள். பேச்சு அந்த வட்டத்துக்குள்ளேயே முடிந்தது. லீகில் 30 அணிகள். டோன்சிச் விற்பனைக்கு என்று தெரிந்திருந்தால், தங்கள் பத்தாண்டு எதிர்காலத்தை மூட்டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்! நாம் திட்டித் தீர்க்கிற வதந்தி இருக்கிறதே, அது சந்தையின் இரைச்சல். இரைச்சலே வேண்டாம் என்று கதவை அடைத்தவர், விலை கேட்க வந்தவர்களையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தினார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டார். அரங்கம் ஹாரிசனைப் பதவி நீக்கச் சொல்லிக் கோஷமிட்டது. மே மாதம், 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டாலஸுக்கு, தேர்வு வரிசைக்கான குலுக்கலில் முதல் இடம் விழுந்து, இளம் வீரர் கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். அந்த அதிர்ஷ்டத்தாலும் ஹாரிசனின் நாற்காலி தப்பவில்லை, நவம்பரில் போய்விட்டது.

கேள்வி: சரி, திறமையான நிர்வாகத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள். ஒக்லஹோமா சிட்டி என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.
(ஓய்வுபெற்ற தணிக்கையாளர்)

பதில்: மன்னிக்க வேண்டும், ஒக்லஹோமா சிட்டிதான். ஆனால் கோப்பையைக் காட்டமாட்டேன், ஒரு கெட்ட நாளைக் காட்டுகிறேன்.

2019 ஜூலை. நட்சத்திர வீரர் கவாய் லெனர்ட் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸில் சேரத் தயார், ஆனால் பால் ஜார்ஜும் கூட வர வேண்டும். ஜார்ஜோ ஒக்லஹோமாவின் நட்சத்திரம். தன்னை அனுப்பிவிடும்படி அவரே கேட்கிறார். சாதாரண மேலாளருக்கு இது இடி. போகிறேன் என்று கிளம்பிவிட்டவருக்கு யார் நல்ல விலை கொடுப்பார்கள்? ஒக்லஹோமாவின் மேலாளர் சாம் பிரஸ்டி அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். கிளிப்பர்ஸ் வாங்குவது ஜார்ஜை மட்டும் அல்ல, லெனர்டையும் சேர்த்து. ஜார்ஜ் கிடைக்காவிட்டால் லெனர்டும் இல்லை. ஆகவே விலையும் இருவருக்கும் சேர்த்துத்தான். ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், இரண்டு ஆண்டுகளில் தேர்வு வரிசையில் தன் இடத்தைக் கிளிப்பர்ஸின் இடத்தோடு மாற்றிக்கொள்ளும் உரிமை, டனிலோ கலினாரி, இவர்களோடு ஒரே ஒரு பருவம் ஆடியிருந்த ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். அந்த ஐந்தில் ஒன்றுதான் 2022இல் 12ஆம் தேர்வாக ஜேலன் வில்லியம்ஸ் ஆனது.

எதிராளிக்கு என்ன அவசரம் என்று அறிந்திருப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. தன் அவசரத்தைக் காட்டாமல் இருப்பது அதற்கடுத்தது. அதற்குப் பிறகு ஒரு பருவத்தில் 22 வெற்றி, அடுத்ததில் 24. பொறுமை இழந்து யாராவது ஒரு நடுத்தர நட்சத்திரத்துக்குத் தேர்வுரிமைகளை அள்ளிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அப்படி உட்கார்ந்திருக்க விட்ட உரிமையாளருக்கும் பாதிப் புகழ் போக வேண்டும். 2025இல் 68 வெற்றியும் கோப்பையும் வந்தன. ஷேதான் அந்தப் பருவத்தின் சிறந்த வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரரும் அவரே.

தணிக்கையாளரான உங்களுக்காக மறுபக்கக் கணக்கு: 2012இல், பின்னாளில் பெரும் நட்சத்திரமான ஜேம்ஸ் ஹார்டனை ஹூஸ்டனுக்கு அனுப்பியவரும் இதே பிரஸ்டிதான்.

கேள்வி: எல்லாமே அதிர்ஷ்டம் என்கிறான் என் தம்பி. பின்னாளில் லீகின் உச்ச நட்சத்திரமான நிகோலா யோகிச்சை டென்வர் 41ஆம் தேர்வில் எடுத்தது திறமையா, குருட்டு அதிர்ஷ்டமா?

பதில்: அதே 2014 இரவில் டென்வர் 16, 19ஆம் தேர்வுகளில் யூசுஃப் நூர்கிச், கேரி ஹாரிஸ் ஆகியோரைப் பெற்றது. யோகிச் இப்படி ஆவார் என்று தெரிந்திருந்தால் 41 வரை காத்திருப்பார்களா? அவர் பெயர் அறிவிக்கப்பட்ட வேளையில் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி: அந்தச் சீட்டை வாங்கியது அவர்கள்தான், பிறகு அவரைச் சுற்றி அணியைக் கட்டியதும் அவர்கள்தான். 41ஆம் தேர்வை வெறும் பணத்துக்கு விற்றுவிடும் அணிகளுக்கு இந்த அதிர்ஷ்டம் அடிப்பதில்லை.

கேள்வி: 2022இல் ரூடி கோபேர் பரிமாற்றத்தை இதே பகுதியில் கிழித்துத் தொங்கவிட்டீர்கள். நினைவிருக்கிறதா? பத்திரிகையை வெட்டி வைத்திருக்கிறேன்.
(பழைய வாசகி)

பதில்: வெட்டி வைப்பவர்களை நினைத்தால்தான் எழுதக் கை நடுங்குகிறது. ஆமாம், அம்மா. கோபேருக்காக மினசோட்டா கொடுத்தது நான்கு முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், வரிசை மாற்றம் ஒன்று, அதற்குமேல் ஐந்து வீரர்கள். 30 வயது மையவீரருக்கு இவ்வளவா என்று குதித்தேன். மினசோட்டா 2024இலும் 2025இலும் மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. அதற்குமுன் போனது 2004இல். அந்தப் பரிமாற்றத்தைச் செய்தவர் டிம் கான்னலி. டென்வரில் யோகிச்சை எடுத்தபோது பொறுப்பிலிருந்த அதே மனிதர். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியவில்லை என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். விலை அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன். கிழித்தது தவறு. துணுக்கை இனி நீங்கள் குப்பையில் போடலாம்.

கேள்வி: ஸ்டெப்பியன் விதி என்கிறார்களே, அது என்ன?

பதில்: 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் அணியை வைத்திருந்த டெட் ஸ்டெப்பியன், முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைத் தாராளமாகத் தானம் செய்தார். இப்படியே போனால் அணியே மிஞ்சாது என்று லீக் விதி எழுதியது: வரப்போகும் ஆண்டுகளில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு முதல் சுற்றுத் தேர்வு இல்லாமல் எந்த அணியும் இருக்கக் கூடாது.

விதி வந்தால் வழி பிறக்காதா? ஓராண்டு விட்டு ஓராண்டு விற்கத் தொடங்கினார்கள். 2013இல் வயதான கெவின் கார்னெட்டுக்கும் பால் பியர்ஸுக்கும் புரூக்ளின் கொடுத்தது 2014, 2016, 2018 தேர்வுகளை; இடையில் 2017க்கு வரிசை மாற்றம். அவற்றிலிருந்துதான் பாஸ்டனுக்கு ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் வந்தார்கள். 2024இல் கோப்பையும் வந்தது. பத்தாண்டு கழித்து, 2023இல், கெவின் டுரான்ட்டுக்காக ஃபீனிக்ஸ் அதே புரூக்ளினிடம் 2023, 2025, 2027, 2029 தேர்வுகளைக் கொடுத்தது. சூடுபட்ட பூனை இந்த முறை பாலை விற்கும் பக்கம் உட்கார்ந்திருந்தது.

கேள்வி: உன்னை விற்கமாட்டோம் என்று வீரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு விற்பது நியாயமா?

பதில்: 2018இல் டொராண்டோவிலிருந்து அனுப்பப்பட்டபோது டிமார் டிரோசன் கேட்டதும் இதைத்தான். டொராண்டோ நிர்வாகத் தலைவராக இருந்த மசாய் உஜிரி பின்னர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அந்தப் பரிமாற்றத்தில் வந்த லெனர்டால் 2019இல் கோப்பை கிடைத்தது. நியாயமா என்றால், இல்லை. மறுபடி செய்வார்களா என்றால், மறுநாளே செய்வார்கள். அதனால்தான் விவரமான மேலாளர் "விற்கமாட்டோம்" என்ற சொல்லையே வாயில் எடுப்பதில்லை.

கேள்வி: உங்களைப் பொது மேலாளராக்கினால் முதல் வேலை என்ன?
(பத்தாம் வகுப்பு மாணவி, பள்ளி அணியின் பாயின்ட் கார்டு)

பதில்: அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும், யாரும் அழைப்பதற்கு முன்பே, இதற்குக் குறைந்து கொடுக்கமாட்டேன் என்ற விலையை எழுதி அலமாரியில் பூட்டுவேன். அதிகாலை இரண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்போது மூளை வேலை செய்யாது, எழுதிய தாள் வேலை செய்யும். அதன் பிறகு மற்ற 29 பேரையும் நானே அழைப்பேன், ஒருவரையும் விடாமல். என் வதந்திக் குறிப்பேட்டை உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன். இடது பக்கத்தில் என் பெயர் அடிக்கடி வரும்.