எட்டு வருடமும் ஒரு கடிதமும்: ‘பெர்சுவேஷன்’ கேள்வி பதில்

ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலைப் படித்துவிட்டு மனசு ஒரு நிலையில் இல்லை என்று இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: 19 வயது ஆன் எலியட், கையில் காசில்லாத கடற்படை அதிகாரி வென்ட்வொர்த்தை விரும்புகிறாள். அம்மா ஸ்தானத்தில் இருக்கும் லேடி ரஸ்ஸல் வேண்டாம் என்று சொல்ல, அவளே அந்தக் கல்யாண நிச்சயத்தை முறித்துக்கொள்கிறாள். எட்டு வருடம் கழித்து அவன் பணக்கார கேப்டனாகத் திரும்பி வருகிறான். முடிவையும் சொல்லப்போகிறேன், வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: அக்கா, நேற்று ராத்திரிதான் முடித்தேன். சேர்ந்துவிட்டார்கள், எல்லாம் நல்லபடியாகத்தான் முடிகிறது. அப்புறம் ஏன் இவ்வளவு அழுகை?

பதில்: கடைசியில் இன்னும் உன்னையே நேசிக்கிறேன் என்று வென்ட்வொர்த் ஆனுக்கு எழுதும் கடிதத்துக்கு அப்புறம் வரும் ஒரு சின்ன உரையாடலை நீங்கள் சரியாகப் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் கடிதம் படித்த மயக்கத்தில் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வென்ட்வொர்த் கேட்கிறான்: 1808ல் கொஞ்சம் பணத்தோடு திரும்பினேனே, கப்பலும் கிடைத்ததே, அப்போது உனக்கு எழுதியிருந்தால் சம்மதித்திருப்பாயா? அவள் சம்மதித்திருப்பாள். சந்தேகமே இல்லை. அதாவது பிரிந்து இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகியிருக்கலாம். மீதி ஆறு வருடமும் போனது வறுமையாலோ லேடி ரஸ்ஸலாலோ அல்ல, அவனுடைய ரோஷத்தால். அவன் அதை வாய்விட்டே ஒப்புக்கொள்கிறான். சேர்ந்த சந்தோஷத்தின் நடுவில் உட்கார்ந்து ஆஸ்டின் நம்மை இந்தக் கணக்கைப் போட வைக்கிறார். நீங்கள் அழுதது அந்த ஆறு வருடத்துக்கு. எனக்கும் அங்கேதான் தொண்டை அடைக்கும், இத்தனை தடவை படித்த பிறகும்.

கேள்வி: எல்லோரும் கடிதத்தைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்தக் குழந்தையைத் தூக்கும் இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. நான் மட்டும்தானா?

பதில்: நானும் உங்கள் கட்சி. ஆன் மண்டியிட்டு, அடிபட்டுக் கிடக்கும் பையனைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள், அவனுடைய இரண்டு வயசுத் தம்பி அவள் முதுகில் ஏறித் தொங்குகிறான், என்ன சொன்னாலும் இறங்க மாட்டேன் என்கிறான். திடீரென்று முதுகு லேசாகிறது. யாரோ தூக்கிவிட்டார்கள். யார் என்று தெரிந்ததும் அவளுக்கு வாயே திறக்கவில்லை. அவனோ நன்றியைக் கேட்கக்கூடாது என்றே குழந்தையோடு சத்தம் போட்டு விளையாடுகிறான். இவ்வளவுதான் காட்சி. ஆனால் அவள் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டாள் என்று இரக்கமில்லாமல் சொன்னவன் இவன், அந்தப் பேச்சு அவள் காதுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மனசு இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கும்போதே கை உதவிக்குப் போய்விட்டது பாருங்கள், அதுதான் விஷயம்.

கேள்வி: எனக்கு ஆன் மேல் கோபம்தான் வருகிறது. யாரோ சொன்னார்கள் என்று விட்டுவிடுவதா?

பதில்: கோபப்படுங்கள், நானும் முதல் தடவை புத்தகத்தை மூடி வைத்தேன். ஆனால் அது யாரோ இல்லை. 14 வயதில் அம்மாவை இழந்தவளுக்கு லேடி ரஸ்ஸல் ஒருத்திதான் துணை, அப்பாவுக்குத் தன் முகமும் பரம்பரைப் பெருமையும் தவிர வேறு கவலை கிடையாது. தவிர, விலகுவது அவனுக்கும் நல்லது என்று அவள் நம்பித்தான் விலகினாள். கடைசியில் ஆன் ஒன்று சொல்கிறாள்: அந்த அறிவுரை தப்பு, ஆனால் அப்போது நான் அதற்குக் கட்டுப்பட்டது தப்பில்லை. இந்த இடத்தில் நான் அவளோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஒத்துக்கொள்ள முடியவில்லை, முழுசாகத் தள்ளவும் முடியவில்லை.

கேள்வி: ஒன்றுமே தோன்றவில்லை. என்னிடம் ஏதாவது கோளாறா?

பதில்: இல்லை. முதல் பாதியில் நாயகி வாய் திறப்பதே அபூர்வம், சும்மா இருப்பவளின் உள்ளே நடப்பதுதான் கதை. எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று சட்டமா என்ன.

கேள்வி: மார்க்கேஸின் ‘லவ் இன் தி டைம் ஆஃப் காலரா’ நாவலில் ஒருத்தன் காதலித்தவளுக்காக 51 வருடம் காத்திருக்கிறான். எட்டு வருடத்துக்கே இவ்வளவு அழுகையா?

பதில்: 51 வருடம், 9 மாதம், 4 நாள். அவன் எண்ணிக்கொண்டே இருப்பவன், நடுவில் 622 உறவுகளையும் நோட்டுப் போட்டு எழுதி வைத்தவன்! வயதான உடம்புகளை அவ்வளவு கூச்சமில்லாமல் எழுதியதற்காக அந்த நாவல் எனக்குப் பிடிக்கும், ஆனால் அழ முடியவில்லை, அவன் பொறுப்பில் விடப்பட்ட பள்ளிச் சிறுமிக்கு அவன் செய்வதைப் படித்த பிறகு நிச்சயமாக முடியவில்லை. அவன் காத்திருக்கிறான், அதுதான் அவன் தொழில். ஆனும் வென்ட்வொர்த்தும் காத்திருக்கவே இல்லை. முடிந்துபோன விஷயம் என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள். வருடங்களின் எண்ணிக்கையை விட அதுதான் வலிக்கிறது.

கேள்வி: கடிதம் எழுதும் காட்சி முதலில் கிடையாதாமே?

பதில்: ஆமாம். 1816 ஜூலையில் ஆஸ்டின் நாவலை வேறு மாதிரி முடித்துவிட்டார். பிடிக்கவில்லை, கடைசிப் பகுதியைத் திரும்ப எழுதினார். வென்ட்வொர்த் மேஜையில் எழுதிக்கொண்டிருக்க, ஆன் பக்கத்தில் அவன் நண்பன் ஹார்வில்லோடு ஆணின் அன்பா பெண்ணின் அன்பா எது நிலைக்கும் என்று வாதாட, அவன் பேனா கீழே விழும் காட்சி அப்படி வந்ததுதான். அடுத்த வருடம் ஜூலையில் ஆஸ்டின் இறந்துவிட்டார், நாவல் அச்சில் வந்தது அதற்குப் பிறகு. கைவிட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

கேள்வி: படித்ததிலிருந்து பழைய ஒருவருக்கு மெசேஜ் அனுப்பக் கை பரபரக்கிறது. அனுப்பட்டுமா?

பதில்: வென்ட்வொர்த் சும்மா எழுதவில்லை. நம்பிக்கையே அற்றுப்போன பிறகும் பெண்கள் நேசித்துக்கொண்டிருப்பார்கள் என்று அவள் சொன்னதைத் தன் காதால் கேட்டுவிட்டு எழுதினான். உங்கள் காதில் அப்படி ஏதாவது விழுந்ததா? இல்லையென்றால் ஒரு வாரம் போகட்டும். நான் முதல் தடவை படித்த சூட்டில் ஒருவருக்கு நீளமாக அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “ஸாரி, இது யாரு? போன் மாத்தினதுல நம்பர் எல்லாம் போயிடுச்சு.”