சிறு தொழிற்கூடத்துக்கு மழைநீர் அனுமதி: கேள்வி பதில்

சிறு தொழிற்கூடங்களுக்கு மழைநீர் வெளியேற்ற அனுமதி விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். சட்டத்தின் பெயர், படிவம், கட்டணம் எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அதை உங்கள் அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எங்கும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது என்பதால் மற்றதைப் பேசலாம்.

கேள்வி: எங்களிடம் லேத், வெல்டிங் வேலை மட்டும்தான். கழிவுநீர் ஒரு சொட்டு வெளியே போவதில்லை. வானத்திலிருந்து விழும் தண்ணீருக்கு எதற்கு சார் அனுமதி?

விழும்போது அது மழை. ஷெட்டுக்குப் பின்னால் குவித்திருக்கும் இரும்புச் சீவலை நனைத்து, அதில் ஒட்டிய கட்டிங் ஆயிலையும் தூளையும் இழுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கும்போது அது உங்கள் கூடத்தின் வெளியேற்றம். ஆலைக் குழாயில் வருவதை மட்டுமே மாசு என்று பார்த்த காலம் இருந்தது. அமெரிக்கா 1987இல் தன் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, தொழிற்கூட மழைநீரையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது. 1990இல் விதிகள் வந்தன.

அளவும் ஒரு காரணம். வெறும் மண்ணாக இருந்த இடத்தில் கான்கிரீட் போட்டால் மழை உள்ளே இறங்க வழியில்லை. பள்ளத்தில் இருப்பவர்கள் தலையில் அது விடிகிறது.

கேள்வி: என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. அதிகாரிகள் அப்படி என்னதான் பார்க்கிறார்கள்?

எல்லாக் கோப்பிலும் தேடுவது மூன்றுதான். மழை எதையெல்லாம் தொடுகிறது? எந்த இடத்தில் உங்கள் எல்லையைத் தாண்டுகிறது? ஏதாவது கொட்டிவிட்டால் அந்த இடத்தை யார், எப்படி அடைப்பார்கள்? தடிமனான அறிக்கை கொடுத்து இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் விடுபவர்கள்தான் அதிகம்.

திரும்பி வருவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம், வரைபடத்தில் இருக்கும் குழாயும் மண்ணுக்குள் இருக்கும் குழாயும் வேறுவேறாக இருப்பது. கட்டடம் கட்டியபோது போட்ட வரைபடத்தை அப்படியே இணைத்துவிடுகிறார்கள். அதன் பிறகு யாரோ ஒருவர் ஷெட்டுக்குள் ஒரு தரை வடிகால் வெட்டி, அருகில் கிடைத்த மழைநீர்க் குழாயில் சேர்த்திருப்பார். தரை கழுவும் தண்ணீர் நேராக ஓடைக்குப் போகும். அது தெரியாமல் நீங்கள் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

ஒரு நாள் ஒதுக்கி எல்லா மேன்ஹோல் மூடியையும் திறந்து பாருங்கள். சந்தேகமான வடிகாலில் வடிகால் சோதனைக்கென்று விற்கும் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றி, எங்கே வெளிவருகிறது என்று ஆள் நிறுத்திப் பாருங்கள். சாயம் ஓடையில் போய்ச் சேரக்கூடும், ஆகவே அலுவலகத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பிறகு புது வரைபடம்: கூரை, தளம், மண் எனப் பரப்புகள் தனித்தனியாக, ஓட்டத் திசைக்கு அம்பு, ஒவ்வொரு வெளியேற்ற இடத்துக்கும் எண், குழாய் அடிமட்ட உயரம், வெளியில் வைக்கும் பொருள்கள். மற்ற இருபது பக்கத்தையும்விட இந்த ஒரு படத்தைத்தான் அதிகாரி நெடுநேரம் பார்ப்பார்.

கேள்வி: தேக்கத் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்? ஆலோசகர் சொல்லும் எண் சரியா என்று நானே பார்க்க முடியுமா?

தோராயமாகப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். உங்கள் இடம் 3,000 சதுர மீட்டர், மணிக்கு 60 மி.மீ. மழை என்று வைப்போம். விழுவது மணிக்கு 180 கனமீட்டர். கூரையும் கான்கிரீட்டும் நிறைந்த இடத்துக்கு ஓட்டக் கெழு, அதாவது விழும் மழையில் ஓடி வரும் பங்கு, 0.9 என எடுத்தால் ஓடி வருவது 162 கனமீட்டர், அதாவது வினாடிக்கு 45 லிட்டர். முன்பு புல்தரையாக இருந்தபோது கெழு 0.25 என்றால் மணிக்கு 45 கனமீட்டர், வினாடிக்கு 12.5 லிட்டர்.

"முன்பு போனதைவிட வேகமாக வெளியே விடக் கூடாது" என்பது பல இடங்களில் உள்ள நிபந்தனை. அப்படியானால் அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் பிடித்து வைக்க வேண்டியது சுமார் 117 கனமீட்டர். இது வெறும் தோராயம். உண்மையான கணக்கில் 10 நிமிடம், 30 நிமிடம், 2 மணி, 6 மணி என்று பல கால அளவுகளுக்குப் போட்டு, எதில் தேக்கம் அதிகம் வருகிறதோ அதை எடுக்க வேண்டும். குறுகிய மழை வேகமாகப் பெய்யும், நீண்ட மழை மொத்தத்தில் அதிகம் பெய்யும். ஆலோசகரின் அறிக்கையில் ஒரே ஒரு கால அளவுதான் இருக்கிறதா? அவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எண்ணெய் பிரிப்பான் ஒன்று வைத்தால் அனுமதி உறுதி என்று விற்பனையாளர் சொல்கிறார்.

அவர் அதைத்தானே சொல்வார்.

பிரிப்பான் நல்ல கருவிதான், மிதக்கும் எண்ணெய்க்கு. ஐரோப்பியத் தரம் ஈஎன் 858இன்படி முதல் வகுப்புப் பிரிப்பான், சோதனை நிலையில் வெளியேறும் நீரில் எண்ணெயை லிட்டருக்கு 5 மி.கி.க்குள் கொண்டுவர வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு 100. ஆனால் எண்ணெய் மெதுவாகத்தான் மேலே வரும். கணக்குப் போட்டதைவிட அதிக வேகத்தில் தண்ணீர் புகுந்தால், பிடித்து வைத்ததும் சேர்ந்து போய்விடும். டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி), சோப்பு கலந்தால் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து மிதக்கவே மிதக்காது. கரைந்த துத்தநாகம், கரைப்பான், ரேடியேட்டர் திரவம் ஆகியவை அதன் வழியாகச் சிரித்துக்கொண்டே போகும். வண்டலையும் எண்ணெயையும் முறைப்படி எடுக்காத பிரிப்பான், புதைத்து வைத்த வெறும் தொட்டி. விண்ணப்பத்தில் மாடல் எண்ணை எழுதுவதோடு, யார், எப்போது திறந்து அளப்பார் என்றும் எழுதுங்கள்.

கேள்வி: ஃபோர்க்லிஃப்டை முற்றத்தில் கழுவும் தண்ணீரையும் மழைநீர் அனுமதியிலேயே சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. அது கழிவுநீர். கூலிங் டவரிலிருந்து திறந்துவிடும் நீரும் அப்படியே.

கேள்வி: நாங்கள் வெளியில் எதையுமே வைப்பதில்லை. ஆனாலும் மாதிரியில் துத்தநாகம் அதிகமாக வருகிறது. ஆய்வகம் தப்பா?

மேலே பாருங்கள். கால்வனைஸ் செய்த கூரைத் தகடு, தண்ணீர்க் குழாய், வேலி எல்லாவற்றிலும் பூச்சு துத்தநாகம்தான். மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. டயர்த் தூளிலும் இருக்கிறது. கூரைக் குழாயின் அடியில் ஒரு மாதிரி, தளத்து நீரில் ஒரு மாதிரி என்று பிரித்து எடுத்தால் விடை வந்துவிடும். கூரைதான் காரணம் என்றால் பூச்சுப் பெயின்ட் அடிப்பது, சுத்திகரிப்புக் கருவி வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

கேள்வி: மாதிரி எப்போது எடுக்க வேண்டும்? நாங்கள் மழை நின்ற பிறகு எடுக்கிறோம்.

அப்போது அழுக்கெல்லாம் போயிருக்கும், எண்ணும் அழகாக வரும். அதிகாரிக்கும் அது தெரியும். அமெரிக்கப் பொது உரிமத்தில், வெளியேற்றம் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள், முந்தைய மழைக்கும் இதற்கும் குறைந்தது 72 மணி நேர இடைவெளியோடு. உங்கள் அனுமதியில் வேறு நேரம் எழுதியிருந்தால் அதுதான் செல்லும். கண்ணாடிக் குப்பியில் பிடித்து நிறம், கலங்கல், எண்ணெய்ப் படலம், நுரை, வாசனை பார்த்து எழுதி வைப்பதற்குச் செலவே இல்லை. பல கோளாறுகள் அதிலேயே பிடிபடும்.

கேள்வி: எங்களிடம் பெயின்ட், தின்னர் கிடங்கு இருக்கிறது. தீயணைப்பு நீரைப் பற்றி அலுவலகத்தில் கேட்கிறார்கள். மழைநீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இரண்டும் ஒரே வடிகாலில்தான் போகும். 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் வேளாண் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைத்த தண்ணீர் பூச்சிக்கொல்லிகளோடு ரைன் ஆற்றில் இறங்கி, ஆறு சிவந்து, நெடுந்தூரம் விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அதன் பிறகுதான் கிடங்கு என்றாலே இந்தக் கேள்வி வருகிறது.

உங்கள் கூடம் சிறியதுதான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிடத்துக்கு 1,000 லிட்டர் வீதம் இரண்டு மணி நேரம் அடித்தால் 120 கனமீட்டர். நிறுத்தி வைக்க இடம் வேண்டும். வெளியேற்றக் குழாயில் ஓர் அடைப்பு வால்வு, தளத்தைச் சுற்றி உயர்த்திய விளிம்பு, வண்டி நுழையும் இடத்தில் மேடு ஆகியவை சேர்ந்தால் முற்றமே தற்காலிகத் தொட்டியாகிவிடும். மழைக்கான தேக்கத் தொட்டியையே இதற்கும் காட்டலாமா என்று கேட்பார்கள். அன்று மழை பெய்து அது நிறைந்திருந்தால்? அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

வால்வை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். எரிகிற கிடங்கின் வாசலில் வைத்தால் யாரும் கிட்டப் போக முடியாது. திறந்த நிலை, மூடிய நிலை பெயின்டில் எழுதியிருக்க வேண்டும். இரவுக் காவலாளிக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஞாயிறு இரவில் மேலாளர் அங்கே இருக்கமாட்டார்.

கேள்வி: எல்லா மழைநீரையும் உறிஞ்சு குழி வெட்டி மண்ணுக்குள் விட்டுவிட்டால் வெளியேற்றமே இல்லையே? அனுமதியும் வேண்டாமே?

மண்ணுக்குள் விடுவதும் வெளியேற்றம்தான்; நிலத்தடி நீரும் நீர்தான். சுத்தமான கூரைத் தண்ணீருக்கு இது நல்ல வழி. டீசல் நிரப்பும் இடம், ரசாயனம் இறக்கும் இடம், ஸ்கிராப் முற்றம் ஆகியவற்றின் நீரை உறிஞ்சு குழியில் விடாதீர்கள். ஓடையில் கசிந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், குழியில் கசிந்தது பக்கத்துக் கிணற்றில்தான் தெரியும். பழைய தொழிற்கூட நிலமாக இருந்தால் மண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று சோதியுங்கள். நீங்கள் இறக்கும் நல்ல தண்ணீர்கூட அங்கே புதைந்திருப்பதைக் கீழே தள்ளிவிடும்.

கேள்வி: டீசல் தொட்டியைச் சுற்றிக் கட்டிய தடுப்புச் சுவருக்குள் மழைநீர் நிற்கிறது. அடியில் ஒரு குழாய் வைத்து வடித்துவிடலாமா?

அந்தக் குழாயை ஒருநாள் திறந்தபடியே விட்டுவிடுவார்கள், தடுப்பு இருந்தும் பயனில்லாமல் போகும். கூரை போடுங்கள், முடியாவிட்டால் பார்த்துவிட்டுக் கைப்பம்பால் எடுங்கள். தடுப்பின் கொள்ளளவு தொட்டியில் 110 சதவீதம் என்பது பரவலான வழக்கம். நின்றிருக்கும் மழைநீர் அந்தக் கூடுதல் பத்தைத் தின்றுவிடுகிறது.

கேள்வி: செலவு மிகக் குறைவாக ஒரே ஒரு வேலை செய்ய முடியும் என்றால் எதைச் செய்யச் சொல்வீர்கள்?

கூரை. ஸ்கிராப் தொட்டிக்கு மூடி, பேரல்களுக்குச் சாய்ப்பு, ஏற்றி இறக்கும் இடத்துக்கு நீட்டிய தகடு. நனையாததைச் சுத்திகரிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் தொழில் சார்ந்த எதுவும் மழையில் படவில்லை என்று சான்றளித்தால், பல வகைத் தொழிற்கூடங்களுக்கு உரிமத்திலிருந்தே விலக்கு உண்டு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறதா என்பதை முதலில் கேளுங்கள், பிறகு தொட்டிக்கு விலை விசாரியுங்கள்.

கேள்வி: மேட்டில் இருக்கும் பக்கத்து நிறுவனத்தின் தண்ணீரும் எங்கள் முற்றம் வழியாகத்தான் போகிறது. பழி எங்கள் மேல் வருமா?

கலந்த பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. எல்லையிலேயே ஒரு வாய்க்கால் போட்டு உங்கள் தளத்தைத் தொடாமல் சுற்றி விடுங்கள். இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் நல்லது. முடியாத இடத்தில், நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரே மழையில் மாதிரி எடுத்து வையுங்கள்.

கேள்வி: அனுமதி வாங்கிய பிறகு பார்க்கிங்குக்காகக் கொஞ்சம் கான்கிரீட் போட்டோம். சொல்ல வேண்டுமா?

போடும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். பரப்பு மாறினால் கணக்கு மாறும். புது வரைபடத்தோடு திருத்த விண்ணப்பம் கொடுங்கள், ஆய்வுக்கு வருபவர் கண்டுபிடிப்பதற்குள்.