ஸ்பைடர்மேன் எப்போது செட்டில் ஆவார்?

கேள்வி: என் பையன் பி.காம். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் ஸ்பைடர்மேன் காமிக்ஸ் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறான். நானும் சின்ன வயதில் படித்தவன்தான். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்தப் பையன் இன்னுமா செட்டில் ஆகவில்லை? இந்த சூப்பர் ஹீரோக்கள் வளரவே மாட்டார்களா?
- ஒரு தகப்பன், நங்கநல்லூர்.

பதில்: செட்டில்! சென்னையில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் ரசம் வருவதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். வேலை கிடைத்தால் போதாது, கல்யாணம் ஆக வேண்டும். அதுவும் போதாது, மேடவாக்கத்தில் டபுள் பெட்ரூம் வாங்க வேண்டும். வாங்கியவன் இருபது வருடம் தூக்கமில்லாமல் இ.எம்.ஐ. கட்டுகிறான். அவனைத்தான் ஊர் செட்டில் ஆனவன் என்கிறது. இந்தக் கணக்கில் ஸ்பைடர்மேன் மட்டுமில்லை, நானும் தேற மாட்டேன்.

முகமூடிக்குள் இருக்கும் பீட்டர் பார்க்கர் 1962-இல் அறிமுகமானபோது 15 வயதுப் பையன். அவன் பிடிக்காமல் விட்ட திருடனே அவன் பெரியப்பாவைச் சுட்டான், அதனால் பொறுப்பு வந்தது என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. துக்கம் நடந்த வீட்டில் பதினாறாம் நாள் வரை எல்லாருக்குமே பொறுப்பு இருக்கும். அவன் வளர்ந்தது 1963-இல், அவன் பெயரிலேயே தனி இதழ் தொடங்கியபோது. வீட்டு வாடகைக்குப் பணமில்லை. மேடையில் வித்தை காட்டுகிறான். கூலியைச் செக்காகத் தருகிறார்கள், ஸ்பைடர்மேன் என்ற பெயருக்கு. முகமூடியும் உடையுமாக பேங்குக்குப் போய் கவுன்டரில் நீட்டுகிறான். அடையாளச் சான்று இருக்கிறதா என்கிறார் கிளார்க். இந்த உடை போதாதா என்கிறான். உடையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொண்டு வரலாமே என்கிறார் அவர். கே.ஒய்.சி. என்ற பெயர் வருவதற்கு முன்பே கே.ஒய்.சி.! சுவர் ஏறத் தெரிந்தவனால் ஒரு கவுன்டரைத் தாண்ட முடியவில்லை. அதே இதழில், பெரியம்மா அடகுக்கடைக்குள் நுழைவதைப் பார்க்கிறான். வாடகை கொடுப்பதற்காக நகையை வைக்கப் போகிறாள். அதற்கப்புறம் அந்தப் பையனுக்கு யார் என்ன அறிவுரை சொல்ல வேண்டும்?

இரண்டாவது இதழில் ஒரு பத்திரிகை அதிபரிடம் போய் நிற்கிறான். ஜே. ஜோனா ஜேம்சன். உண்மையைச் சொன்னால் இவரைப் பற்றிப் பேசத்தான் உங்கள் கேள்வியையே எடுத்தேன். அறுபது வருடமாக இவரை வில்லன் மாதிரியே பார்க்கிறார்கள். சுருட்டு பிடிக்கிறார், கத்துகிறார், சரி. வேறென்ன தவறு செய்தார்? வந்தவன் பள்ளிக்கூடப் பையன். அனுபவம் கிடையாது, சிபாரிசு கிடையாது. வல்ச்சர் என்ற பறக்கும் கிழவரின் படத்தைக் காட்டினான். நன்றாக இருந்தது, வாங்கிக்கொண்டார், பணம் கொடுத்தார். ‘பிரசுரமானால் தெரிவிக்கப்படும்’ என்று அஞ்சலட்டை போடவில்லை. அந்தப் பணத்தில் பையன் ஒரு வருட வாடகையைக் கட்டினான். இன்றைக்கு ஒரு படத்துக்கு ஒரு வருட வாடகை தரும் பத்திரிகை சென்னையில் இருந்தால் சொல்லுங்கள், நானே கேமராவோடு கிளம்புகிறேன்.

பதிலுக்குப் பையன் என்ன செய்தான்? கேமராவை மூலையில் ஒட்டிவைத்துவிட்டு, தானே சண்டை போட்டு, தன்னையே படமெடுத்து, அவரிடமே விற்றான். வருடக்கணக்காக! எங்கள் அலுவலகத்துக்கும் ஒருவர் இருக்கிறார். இலக்கியக் கூட்டத்தை அவரே நடத்துவார், செய்தியையும் அவரே எழுதுவார், ‘அரங்கம் நிரம்பி வழிந்தது’ என்று சேர்த்துக்கொள்வார், தான் மைக் பிடித்திருக்கும் படத்தை ஆறு கோணத்தில் இணைப்பார். ‘நமது நிருபர்’ என்று போடும்படி கீழே ஒரு குறிப்பு வேறு. யாரென்று அவருக்கே தெரியும். முகமூடி ஒன்றுதான் குறை.

சரி, உங்கள் கேள்வி. வளர்ந்தான் ஐயா, ஒழுங்காகவே வளர்ந்தான். 1965-இல் பள்ளியை முடித்து அதே வருடம் கல்லூரியில் சேர்ந்தான். பேட்மேனோடு சுற்றிய ராபின் 1940-இல் சிறுவனாக வந்து, கல்லூரிக்குப் பெட்டி கட்டியது 1969-இல். நம் இன்ஜினீயரிங் அரியர் மன்னர்கள்கூட 29 வருடம் இழுத்ததில்லை. 1973-இல் பீட்டரின் காதலி குவென் பாலத்திலிருந்து தள்ளப்பட்டாள். வலை வீசிப் பிடித்தான், ஆனால் அவள் பிழைக்கவில்லை. அவள் கழுத்தருகே பொடி எழுத்தில் ஒரு முறியும் சத்தத்தைப் போட்டிருந்தார்கள். வலை வெடுக்கென்று இழுத்ததில்தான் செத்தாளா என்று வாசகர்கள் சண்டை போட்டார்கள். 1987-இல் மேரி ஜேனோடு கல்யாணம். காமிக்ஸில் மட்டுமல்ல, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தில் வேஷம் போட்ட நடிகர்களை வைத்தும் நடத்தினார்கள். மாப்பிள்ளையைப் படைத்தவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே புரோகிதர். அந்த யோசனை இங்கே யாருக்கும் வராதது ஆச்சரியம். முகூர்த்த நாளில் சென்னை மண்டபங்கள் கேட்கும் வாடகைக்குச் சேப்பாக்கமே மலிவாக இருக்கும்போல. ஜெனரேட்டருக்குத் தனி, பாத்திரம் கழுவத் தனி, இரவு பத்து மணிக்குமேல் இருந்தால் அதற்கும் தனி!

ஆக, செட்டில் ஆனான். ஆனவனைக் கலைத்தது யார்? 2007-இல் பெரியம்மா குண்டடி பட்டுக் கிடக்க, மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வந்து, அவள் பிழைக்க வேண்டுமானால் உன் கல்யாணத்தைக் கொடு என்கிறான். கொடுத்துவிடுகிறார்கள். கல்யாணம் நடந்ததே யாருக்கும் நினைவில்லை. விவாகரத்து என்றால் ஆளுக்கு வயதாகிவிடுமாம்! சாத்தானைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமான ஸ்பைடர்மேன் வேண்டாம் என்று நின்றவர், அவனை வெளியிடும் மார்வெல் பதிப்பகத்தின் அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடா. கதைக்குப் படம் வரைந்தவரும் அவரே. எங்கள் இனம்தான், வெட்கமாக இருக்கிறது. கல்லாவுக்கு என்றும் இளைஞன் வேண்டும், வாசகனுக்கு முப்பதானாலும் நாற்பதானாலும்.

நீங்கள் நினைக்கும் செட்டில், ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவியிடம்தான் உண்டு. அப்பா இறந்தால் மகனுக்கு வேலை, கருணை அடிப்படையில் பணி நியமனம். தேர்வாணையம் கிடையாது, மண்டை ஓட்டின் மேல் ஓர் உறுதிமொழி, அவ்வளவுதான். இப்போதிருப்பவர் 21-ஆவது ஆள். 1977-இல் கல்யாணம், அப்புறம் இரட்டைக் குழந்தைகள், காட்டுக்குள் சொந்தக் குகை. இ.எம்.ஐ. இல்லை. உடனே ‘இரும்புக்கை மாயாவியை ஏன் விட்டீர்கள்’ என்று கடிதம் போடுவோருக்கு, வழக்கம்போல: விடவில்லை. அவர் வேறு மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து அவருடைய இரும்புக்கை மட்டும்தான் தெரியும், அதில் வயதை எங்கே பார்ப்பது?

உங்கள் பையன் வேலைக்குப் போகிறானா என்று நீங்கள் எழுதவில்லை. போகிறான் என்றால் அவன் காசு, அவன் காமிக்ஸ். போகவில்லை என்றால், அந்த அடகுக்கடைப் பக்கத்தை இரவுச் சாப்பாட்டின்போது அவன் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். 2007 கதையை மட்டும், பெண் பார்க்கப் போகும் இடத்தில் அவன் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.