விமர்சனக் கோட்பாடு படித்தால் பிழைக்க முடியுமா?

முதுகலையில் விமர்சனக் கோட்பாடும் விடுதலைக் கல்வியும் படிக்கப் போகிறேன் என்று மகள் பிடிவாதமாக நிற்கிறாள், இதைப் படித்து என்ன ஆகப் போகிறது என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெற்றவர் கேட்க வேண்டிய கேள்விதான். சமூகத்தில் யார் யாரை எப்படி அடக்குகிறார்கள் என்று விசாரிக்கும் சிந்தனைதான் விமர்சனக் கோட்பாடு; அந்த அடக்குமுறையிலிருந்து விடுபடக் கற்றுக்கொடுப்பது விடுதலைக் கல்வி. ஆனால் அவள் படிக்கப் போகும் ஆட்கள் அலசியதும் ஏறக்குறைய இதையேதான். அதனால் அவளிடம் பேசும்முன் அவர்களைக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

1784-இல் ஜெர்மன் தத்துவவாதி காண்ட் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அடுத்தவர் கையைப் பிடிக்காமல் சொந்தப் புத்தியைப் பயன்படுத்தத் துணிவதுதான் அறிவொளி என்றார். எனக்காகப் புரிந்துகொள்ள ஒரு புத்தகம், எனக்கு மனசாட்சியாக இருக்க ஒரு மதகுரு, நான் என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஒரு மருத்துவர்; காசு கொடுத்தால் போதும், யோசிக்கிற வேலை மிச்சம் என்று அதிலேயே கிண்டலும் உண்டு. (என்னைப் போன்ற ஆலோசகர்களையும் அவர் சேர்த்திருக்கலாம்.)

விமர்சனக் கோட்பாட்டை வளர்த்தவர்கள், ஹிட்லர் காலத்தில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய சிந்தனையாளர்கள் ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும், இவ்வளவு அறிவொளி பெற்ற உலகம் எப்படிக் காட்டுமிராண்டித்தனத்தில் விழுந்தது என்று கேட்டார்கள். 1947-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவர்களின் ‘அறிவொளியின் இயங்கியல்’ என்ற நூல் அந்தக் கேள்வியில் பிறந்தது. எதற்காகச் செய்கிறோம் என்பதை விட்டுவிட்டு, எப்படிச் சீக்கிரம் முடிப்பது என்று மட்டும் கணக்குப் போடும் பகுத்தறிவு, இயற்கையை அடக்கிய கையோடு மனிதனையும் அடக்கிவிடும் என்றார்கள். இது அறிவியலுக்கு எதிரான படிப்பு என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பகுத்தறிவைக் கைவிடச் சொல்லவில்லை. அது தன்னையும் விசாரிக்கட்டும் என்றார்கள்.

கல்விக்கு வந்தால், நாஜிகளின் கொலை முகாமான ஆஷ்விட்ஸ் மறுபடி நடக்காமல் பார்ப்பதே கல்வியின் முதல் கடமை என்று அடோர்னோ 1966-இல் வானொலியில் பேசினார். பிரேசிலில் விடுதலைக் கல்வியின் முன்னோடி பாவ்லோ ஃப்ரெய்ரே, உழைப்பாளிகளின் அன்றாடச் சொற்களை வைத்தே அவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் போட்டார்கள். அதே ஃப்ரெய்ரே 1989-இல் சாவோ பாவ்லோ நகரின் கல்விச் செயலாளர் ஆனார்.

சரி, வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். கோட்பாட்டை மட்டும் நம்பி அவர்களே பிழைக்கவில்லை. அடோர்னோ 1938-இல் நியூயார்க் போனதும் வானொலி நேயர்களைப் பற்றிய ஆய்வில் வேலை பார்த்தார். அவர்களின் சக சிந்தனையாளர் ஹெர்பர்ட் மார்க்யூஸ் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க உளவுத்துறையில் ஜெர்மனியை ஆராய்ந்தார். உங்கள் மகளுக்கும் பாடத்திட்ட வடிவமைப்பு, ஆசிரியர் பயிற்சி, பதிப்புத் துறை, சமூக ஆய்வு, தொண்டு நிறுவனம் என்று வழிகள் உண்டு. கல்லூரிப் பேராசிரியர் பணிதான் கனவு என்றால் முனைவர் பட்டம்வரை போக வேண்டும்; இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதுவரை வீட்டுச் செலவு தாங்குமா என்று இப்போதே அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மறைத்துவைக்க வேண்டாம்.

காண்டின் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு உங்களுக்கு விளக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். சலிப்பில்லாமல் சொன்னால் ஆர்வம் நிஜம். அப்புறம், விண்ணப்பிக்கும்முன், சேர நினைக்கும் துறையில் இந்தப் பொருளில் வழிகாட்ட ஆள் இருக்கிறாரா என்று விசாரிக்கட்டும். கூடவே புள்ளியியலும் கள ஆய்வு முறையும் கற்றுக்கொள்ளட்டும். 1950-இல் அடோர்னோவும் மற்றவர்களும் வெளியிட்ட சர்வாதிகார மனப்பான்மை பற்றிய ஆய்வே வினாத்தாளும் அளவுகோலும் வைத்துச் செய்ததுதான்.