படகில் யாருக்கு இடம்?

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரர்கள் லண்டன் குழந்தைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிக் காப்பாற்றினார்கள். அந்த ஒழுங்கும் முன்யோசனையும் நம்மவர்களுக்கு என்றைக்காவது வருமா?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். போர் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பே, 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி, ரயில்கள் கிளம்பிவிட்டன. சில நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் நகரங்களை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் பாதிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். சட்டையில் பெயர்ச்சீட்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி.

இறங்கிய ஊரில் நடந்ததையும் கேளுங்கள். பல இடங்களில் பிள்ளைகளை மண்டபத்தில் வரிசையாக நிறுத்தி, வீட்டுக்காரர்கள் பொறுக்கியெடுத்தார்கள். வயல் வேலைக்கு ஆகும் திடமான பையன் முதலில் போனான். தம்பியின் கையை விடாத அக்காள் கடைசிவரை நின்றாள். பிறகு பேன் என்றும், படுக்கையை நனைக்கிறான் என்றும் புகார்கள். குண்டு விழவில்லையே என்று பெற்றோர் வந்து அழைத்துப்போக, 1940 ஜனவரிக்குள் ஏறக்குறைய பாதிப்பேர் வீடு திரும்பிவிட்டார்கள். லண்டனில் குண்டுமழை தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில்!

அதே பிரிட்டிஷ் ஆட்சிதான் மலாயாவின் பினாங்குத் தீவிலும் இருந்தது. 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் தீவின் நகரமான ஜார்ஜ் டவுன்மேல் குண்டு போடப் பறந்து வந்தபோது, ஜனங்கள் ஓடி ஒளியவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒளிய வேண்டும் என்று பழக்கியிருந்தால் அல்லவா ஒளிவதற்கு? குண்டுக்குப் பிழைத்தவர்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே ஆயர் ஈத்தாம் பக்கமும் பாலிக் பூலாவ் பக்கமும் ஓடினார்கள். பெயர்ச்சீட்டும் இல்லை, ரயிலும் இல்லை. ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளும் சில நாட்களில் இரவோடு இரவாகப் படகேறித் தீவைவிட்டுப் போனார்கள். மற்ற ஐரோப்பியர்களும் பின்னாலேயே போனார்கள். தமிழன், சீனன், மலாய்க்காரன் பிள்ளைகளுக்கு அந்தப் படகுகளில் இடமில்லை. முன்யோசனை வெள்ளைக்காரர்களிடம் இருந்தது ஐயா, தோல் நிறம் பார்த்து இருந்தது.

நம்மவர்களுக்கு வருமா என்கிறீர்கள். அதே வாரத்தில் வந்ததே! சொல்லாமல் கொள்ளாமல் ஆட்சி கிளம்பிப்போன ஊரில், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியரான இலங்கைத் தமிழர் சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். பல இனத்தாரும் சேர்ந்த குழு ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். இங்கே படை எதுவும் இல்லை என்று வானொலியில் ஜப்பானியருக்கு அறிவித்ததும் அவர்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த டிசம்பரில் எங்கே ஓடினார்கள் என்று விசாரித்து எழுதுங்கள்; அடுத்த இதழில் இடம் ஒதுக்குகிறேன்.