"மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன் சார்": புது கார் வாங்கப் போறவங்க கேள்விகள்

கேள்வி: அக்கா, ஈரோட்டுல இருந்து எழுதுறேன். முதல் கார் வாங்கப் போறேன். சேல்ஸ் பையன் தன்மையாத்தான் பேசுறான், ஆனா விலை குறைக்கச் சொன்னா ஒவ்வொரு தடவையும் "மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வரேன்"னு உள்ள போயிட்டு வந்து ரெண்டாயிரம் மூவாயிரம்தான் குறைக்கிறான். இப்ப இந்த ஆஃபர் இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான், வெள்ளை கலர் ஒன்னே ஒன்னுதான் ஸ்டாக்ல இருக்கு, இன்னொரு பார்ட்டி அட்வான்ஸ் போட வந்துட்டு இருக்காங்கங்கறான். நிஜமா இருக்குமா?

பதில்: அந்த இன்னொரு பார்ட்டி இருக்காங்களே, கார் ஷோரூம் போனாலும் மனை பாக்கப் போனாலும் வந்துட்டே இருப்பாங்க, வந்து சேந்ததா மட்டும் நான் கேள்விப்பட்டதில்ல.

மேனேஜர் கதைய சொல்றேன். போன டிசம்பர்ல என் தம்பிகூட ஒரு ஷோரூம் போயிருந்தேன். இதே மாதிரி மூணு தடவ உள்ள போனான் அந்தப் பையன். கேபின் கண்ணாடிக் கேபின், நாங்க உக்காந்திருந்த இடத்துல இருந்து நல்லாவே தெரியுது, உள்ள மேனேஜர் பாட்டுக்கு மொபைல் பாத்துட்டு இருக்காரு, பையன் பக்கத்துல ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வெளிய வந்து முகத்த தொங்கப் போட்டுக்கிட்டு "திட்டுறாரு மேடம், இருந்தாலும் உங்களுக்காக கேட்டு வாங்கிட்டேன்"ங்கறான். கால்குலேட்டர்ல நம்பர தட்டி எங்க பக்கம் திருப்பிக் காட்டுறான், வாயால சொல்லவே மாட்டேங்கறான். அவன் நம்ம ஆளு, மேனேஜர்தான் வில்லன்னு நம்ம மனசுல பதியணும், அவ்வளவுதான். பாவம் இவ்வளவு கஷ்டப்படுறானேன்னு நமக்கே அடுத்த தடவ கேக்க கூச்சமா ஆயிடும்.

இதுக்கு சண்டையெல்லாம் போட வேண்டாம், நமக்கும் ஒரு மேனேஜர் உண்டு. "வீட்ல கேட்டுட்டு சொல்றேன் தம்பி, இந்த ஆன்ரோடு விலைய ஒவ்வொரு ஐட்டமா பிரிச்சு வாட்ஸாப்ல அனுப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சிடுங்க. எக்ஸ் ஷோரூம் (ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேக்காத வண்டி விலை), ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஹேண்ட்லிங் சார்ஜ்னு எல்லாம் தனித்தனியா வரணும். மொத்தமா ஒரு நம்பர் மட்டும் சொன்னா எதுல குறைச்சான் எதுல ஏத்துனான்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதே மாடலுக்கு இன்னொரு டீலர்கிட்டயும் வாங்குங்க, பக்கத்து ஊரா இருந்தாலும் பரவால்ல. கம்பெனி ஸ்கீம் பெரும்பாலும் மாசக் கணக்குல வரும், அதனால மாசம் முடியப் போகுதுன்னு சொன்னா கொஞ்சம் நம்பலாம், சாயங்காலம் ஆறு மணிக்கு முடியுதுன்னு சொன்னா நம்ப வேண்டாம்.

நிறைய பேரு பண்ற தப்பு இன்னொன்னு இருக்கு. உள்ள நுழையும்போதே "தைப்பூசத்துக்குள்ள வண்டி வீட்டுக்கு வந்துடணும்", "ஆயுத பூஜைக்கு எடுக்கணும்"னு நாமளே சொல்லிடுறோம். அவன் கெடு வைக்க வேண்டிய அவசியமே இல்ல, நாமளே கெடு வச்சு கைல குடுத்துட்டு வரோம். நல்ல நாள் பாத்து வச்சிருந்தா மனசோட வச்சுக்கோங்க. பொண்ணுக்கு அந்த வெள்ளை கலர்தான் பிடிச்சிருக்குங்கறதும் அவனுக்குத் தெரிய வேண்டாம்.

டிசம்பர் ஆஃபர்னு பெருசா தள்ளுபடி சொன்னா வண்டி எந்த மாசம் தயாரிச்சதுன்னு கேளுங்க, ஆர்சில அந்த மாசமும் வருஷமும் வரும், நாளைக்கு விக்கும்போது வருஷத்த வச்சுதான் விலை பேசுவாங்க. பழைய ஸ்டாக்னா வாங்கக் கூடாதுன்னு இல்ல, அதுக்கு ஏத்த மாதிரி குறைச்சுக் கேக்கணும்.

கேள்வி: விலை எவ்வளவுன்னு கேட்டா "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்"னு திருப்பிக் கேக்குறாங்க. வட்டி வெறும் 7 பர்சென்ட்தான்னாங்க, பேங்க்ல 9க்கு மேல சொல்றாங்க. ஷோரூம் லோனே எடுத்துடலாமா?

பதில்: எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க, அது ஃப்ளாட்டா ரெட்யூசிங்கான்னு. 6 லட்சம் கடன், 5 வருஷம், 7 பர்சென்ட் ஃப்ளாட்னா வருஷத்துக்கு 42,000, அஞ்சு வருஷத்துக்கு வட்டி 2,10,000. மொத்தம் 8,10,000, மாசம் 13,500. பேங்க் சொல்ற ரெட்யூசிங் கணக்குக்கு, அதாவது பாக்கி இருக்கற அசலுக்கு மட்டும் வட்டி போடற கணக்குக்கு, மாத்தினா இது ஏறக்குறைய 12.5 பர்சென்ட்! நீங்க மாசாமாசம் அசலும் கட்டி குறைச்சுட்டே வர்றீங்க, அவங்க கடைசி வரைக்கும் முழு 6 லட்சத்துக்கும் வட்டி போட்டிருக்காங்க, அதான் விஷயம்.

மாசக் கணக்கு பேசறதே இதுக்குத்தான். 13,500 கஷ்டம்னு சொன்னா உடனே 7 வருஷமா நீட்டி ஈஎம்ஐய குறைச்சுக் காட்டுவாங்க, நமக்கும் ஏதோ ஜெயிச்ச மாதிரி இருக்கும். மாசம் எவ்வளவு முடியும்னு கேட்டா பதில் சொல்லாதீங்க, "முதல்ல வண்டி விலை முடிப்போம், லோன் நான் பாத்துக்கறேன்"னு சொல்லுங்க.

கேள்வி: பழைய காரை எக்ஸ்சேஞ்ச் போட்டா 40,000 போனஸ் தர்றாங்களாம். ஆனா வண்டிய சுத்திச் சுத்தி வந்து அங்க கீறல் இங்க பெயிண்ட் அடிச்சிருக்குன்னு எழுதி 1,90,000தான் போகும்ங்கறாங்க. இன்சூரன்ஸும் அவங்ககிட்டதான் போடணுமாம்.

பதில்: வெளிய ரெண்டு மூணு இடத்துல காட்டி விலை கேட்டீங்களா? அங்க 2,35,000 போகுதுன்னு வைங்க, இங்க 1,90,000ம் போனஸ் 40,000ம் சேத்தா 2,30,000, போனஸ் உங்க வண்டிலேர்ந்தே எடுத்து உங்களுக்கே குடுத்தது, மேல 5,000 அவங்களுக்கு மிச்சம். குறை சொல்லிட்டே சுத்தி வர்றது மாட்டுச் சந்தை காலத்துலேர்ந்து இருக்கற வித்தை, பல்ல பிடிச்சுப் பாக்கற மாதிரி. புது வண்டி விலைய முழுசா பேசி முடிச்ச பிறகுதான் பழைய வண்டி பேச்சையே எடுக்கணும்.

இன்சூரன்ஸ் அவங்ககிட்டதான் போடணும்னு கட்டாயம் கிடையாது. புது காருக்கு தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான இன்சூரன்ஸ்) 3 வருஷத்துக்கு போட்டே ஆகணும், அத எந்த கம்பெனில வேணாலும் போடலாம். வெளிய கொட்டேஷன் எடுத்துக் காட்டினாலே பாதி பேரு குறைச்சிடுவாங்க. குறைச்சா ஐடிவிய (இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போடற மதிப்பு) குறைச்சிருக்காங்களான்னும் பாத்துடுங்க, பிரீமியம் கம்மியா தெரியும், வண்டி திருடு போனா வர்ற பணமும் கம்மியாயிடும். அப்புறம் பழைய வண்டில க்ளெய்ம் பண்ணாம சேத்த நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு சொந்தம் இல்ல, உங்களுக்கு சொந்தம். அஞ்சு வருஷம் க்ளெய்ம் இல்லாம இருந்தா ஓன் டேமேஜ் (நம்ம வண்டிக்கே ஆகற சேதத்துக்கான) பிரீமியத்துல தள்ளுபடி 50 பர்சென்ட் வரைக்கும் போகும். பழைய இன்சூரன்ஸ் கம்பெனில அதுக்கு ஒரு லெட்டர் வாங்கி புது வண்டிக்கு மாத்திக்கோங்க. நீங்க கேக்காம ஷோரூம்ல இத யாரும் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: சம்பளம் என்னோடது, வண்டி என் பேருல, ஆனா சேல்ஸ்மேன் விலை பேசறது மட்டும் என் வீட்டுக்காரர்கிட்ட. என்கிட்ட "மேடம் கலர் செலக்ட் பண்ணுங்க"ன்னாரு.

பதில்: எனக்கும் நடந்திருக்கு. வீட்டுக்காரர காபி குடிக்க அனுப்பிட்டு தனியா உக்காந்து பேசுங்க. இல்லன்னா சேல்ஸ்மேன் எது கேட்டாலும் "அவங்ககிட்ட கேளுங்க"ன்னு ஒரே பதில் வீட்டுக்காரர சொல்லச் சொல்லுங்க, ரெண்டு தடவ சொன்னா பார்வை தானா திரும்பிடும்.

கேள்வி: டெலிவரி அன்னைக்கு மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ரெடி, குடும்பமே வந்தாச்சு. அப்பதான் பேசிக் கிட்னு ஏதோ ஆக்சஸரீஸுக்கு 11,800 சேத்து பில் நீட்டினாங்க. கேட்டா, கட்டலன்னா புக்கிங் பணம் 21,000 திரும்ப வராதுங்கறாங்க. ராகு காலம் வருதேன்னு கட்டிட்டு வந்துட்டேன். இப்ப ஏதாவது பண்ண முடியுமா?

பதில்: அந்த நேரத்த பாத்துதான் நீட்டுவாங்க, உங்க மேல தப்பு இல்ல, மாமியார் முன்னாடி யாரு நின்னு சண்ட போடுவா. முன்னாடி அவங்க அனுப்பின கொட்டேஷன்ல அந்த கிட் இல்லன்னா அதையும் பில்லையும் சேத்து முதல்ல டீலருக்கும் கார் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் மெயில் போடுங்க, கேக்காம சேத்த பணத்த திருப்பிக் குடுங்கன்னு ரெண்டு வரி போதும். பதில் வரலன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கயும் முடியலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா மனுவுக்கு ஃபீஸ் கிடையாது, கார் விலைய வச்சு கணக்குப் பாத்தா கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும். எல்லாமே வாயால பேசினதுன்னா கஷ்டம்தான், ஆனாலும் வாட்ஸாப்ல ஏதாவது கிடக்குதான்னு தேடிப் பாருங்க, கிடைச்சா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துடுங்க.